பாவுக்குள் போன ஏழாம் பாகம்

என் மகளின் கைப்பேசியில் ஒரு தொடர்கதை ஓடிக்கொண்டிருக்கிறது. கல்லூரி, கூடைப்பந்து, காதல். இப்போது பதினோராம் பாகம். போன வாரம் அவள் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துப் பார்த்து நானும் கதையில் மாட்டிக்கொண்டேன். கதாநாயகன் மூன்று பாகங்களாகக் கணுக்கால் சுளுக்கோடு படுத்திருக்கிறான். கதாநாயகி வாசல்வரை வருகிறாள், திரும்பிப் போகிறாள், தொடரும். எங்கள் ஆரணியிலிருந்து சுளுக்கு எடுக்கிற ஆளை அனுப்பியிருந்தால் கால்மணியில் கதையே முடிந்திருக்கும்.

இந்த எரிச்சல் எனக்குப் பழசு. தொண்ணூறுகளின் கடைசியில், ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில், மாதம் ஒன்றாக ஒரு நாவல் வரிசை வந்தது. சென்னைக் கல்லூரி வாலிபால் அணி, அதன் கேப்டன் நிலா, எதிர்க் கல்லூரியில் அவளுக்கு ஒரு காதலன். ஆறு பாகங்களில் இருவரும் சேர்ந்து ஒரு காபிகூட ஒழுங்காகக் குடித்ததில்லை. அப்படியும், வாடகைக்குப் புத்தகம் தரும் பாய் கடை வாசலில் நானும் கோகிலாவும்தான் முதலில் நிற்போம்.

கோகிலா பக்கத்துத் தெரு. எங்கள் பள்ளி வாலிபால் அணியில் அவள் எகிறி அடித்தால் எதிர்ப்பக்கம் கையெடுத்துக் கும்பிட்டுவிடும். அவளுக்கு வந்தவாசியில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பந்து கிந்து என்று போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாழாய்ப்போன அந்த ஆறாம் பாகமும் அங்கேதான் வந்து நின்றது. நிலாவுக்கு வீட்டில் வேறு இடத்தில் நிச்சயம் செய்து, இறுதி ஆட்டத்துக்குப் போகாதே என்கிறார்கள்.

"அவ இன்னா பண்றான்னு பாத்துட்டுதான்டி நான் வண்டி ஏறுவேன்" என்றாள் கோகிலா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் தினமும் சொன்னாள்.

ஏழாம் பாகம் வந்தது. முதுகில் பசை விட்டுப்போன புத்தகம், கையில் எடுத்ததும் இரண்டாகப் பிரிந்தது. முன்பாதியை முடித்துவிட்டோம். பின்பாதியைச் சேர்ந்து படிக்கலாம் என்று ஜன்னலில் வைத்துவிட்டு அவளைக் கூப்பிடப் போனேன். திரும்பி வந்தால் காணோம்.

எங்கள் வீட்டில் பட்டுத்தறி. அன்று அதற்குப் புதுப் பாவு, அதாவது புடவையின் நீளவாட்டு இழைகளை, சுற்றினார்கள். உருளையில் பட்டிழைகள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்துவிடாமல் இருக்க, அடுக்குக்கு அடுக்கு நடுவே பழைய தாள்களை வைப்பார் அப்பா. தாள் போதவில்லை என்று அவர் குரல் கொடுக்க, அம்மா ஜன்னலில் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"அட்ட இல்லாம கெடந்துச்சு, குப்பன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா.

"சுத்துன பாவ பிரிக்கவா முடியும்? நெய்ய நெய்ய தானா வரும். ஜல்தி இன்னா?" என்றார் அப்பா.

ஜல்தி என்னவா? ஒன்பதாம் நாள் கல்யாணம்! ஒரே ஆறுதல், கடைசியாக வைத்த தாள்தான் உருளையில் மேலே இருக்கும். ஆகவே கதையின் முடிவுதான் முதலில் வரும். ஆனால் புது இழைகளைப் பழையதோடு பிணைக்கவே இரண்டு நாள் போனது. அப்புறம் அப்பாவுக்குக் காய்ச்சல். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தறியையும் பார்த்துப் பெருமூச்சு விட்ட மகள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

"இன்னும் எத்தினி முழம்பா?"

"பேஜார் பண்ணாத, போ."

கல்யாணம் முடிந்து, பெண்ணை அழைத்துப்போக வேன் வந்து நின்ற காலையில் முதல் தாள் விழுந்தது. நிலா நிச்சயப் புடவையோடு மைதானத்து ஓரம் நிற்கிறாள். நடுவர் அவளைப் பார்க்கிறார். விசில் ஒலிக்கிறது. தொடரும்.

அந்த எழுத்தாளர் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ! ஓடினேன். கோகிலா வேனில் ஜன்னலோரம் இருந்தாள், அழுது முகம் வீங்கியிருந்தது. கழுத்து மாலையை ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி ஆச்சு? ஆடுனாளா?"

"ஆடுனா. கெலிச்சா."

வேன் நகர்ந்துவிட்டது.

மிச்சப் பக்கங்கள் ஒரு மாதம் முழுக்கப் பின்னாலிருந்து முன்னால் வந்துகொண்டிருந்தன. நான்கைந்தாகச் சேர்த்துப் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இன்னாம்மா, புக்க நீ எழுதிகினு வரியா?" என்று கேட்டார். எட்டாம் பாகம் வரவேயில்லை. எழுதியவர் அலுத்துவிட்டாரோ, எங்களை மாதிரி வாசகிகளுக்குப் பயந்துவிட்டாரோ, தெரியாது. பாய் கடை சிடி கடையாகி, செல்போன் கடையாகி, இப்போது அந்த இடத்தில் ஏடிஎம் இருக்கிறது. எங்கள் பள்ளி வாலிபால் கம்பங்களையும் பிடுங்கிவிட்டார்கள்.

போன மாதம் கோகிலாவிடம் போனில் பேசும்போது, இத்தனை வருஷத்தில் கேட்காததைக் கேட்டேன். அங்கே போனபிறகு ஒருநாளாவது பந்தைத் தொட்டாயா?

"எங்க? பசங்க ஆடறப்ப சமையல்கட்டுலேர்ந்து பாப்பேன்" என்றாள். பிறகு, என்னைத் தேற்றுகிற மாதிரி, "வுடுடி. அவளாவது ஆடுனாளே" என்றாள்.

"ஆமாடி" என்றேன்.