சம்பேஷி சோதித்த சேனல்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. ஆப்பிரிக்கச் செம்புச் சுரங்க ஊரான கித்வேயில், சுரங்கத் தொழிலாளர் மன்றத்து அரங்கில், அக்டோபர் பதினேழாம் தேதி, பட்டப்பகலில் நடந்தது. யாருக்கு நடந்ததோ அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். போய்க் கேளுங்கள். உங்களை நேராகப் பார்த்துப் பேச அவளால் முடியாது, அவ்வளவுதான்.

அவள் பெயர் கலுபா. அந்த அரங்கின் விளக்குகளை இயக்குபவள். மகள் பெயரைச் சேர்த்து ஊரே அவளை 'பனா தெம்வா', தெம்வாவின் அம்மா, என்றுதான் கூப்பிடும். அவளுக்கு முன்னால் அந்த வேலையில், அந்த நாற்காலியில் இருந்தவன் சம்பேஷி; அப்போது அவள் அவனுக்கு உதவியாள்.

அங்கே தொங்குகிற விளக்குகள் எல்லாம் பேர் இல்லாத மலிவுச் சரக்கு. பெட்டியைப் பிரித்தால் விவரத்தாள் இருக்காது. இருந்தாலும் பொய் சொல்லும். அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் லேப்டாப்பில் நாமே ஒரு பைல் எழுத வேண்டும். முதல் சேனல் விளக்கின் தலையைத் திருப்பும், இரண்டாவது சாய்க்கும், மூன்றாவது வெளிச்சம் தரும் என்று வரிசையாகப் பதினாறு வரிகள். சம்பேஷிக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு சேனலையும் நிஜ விளக்கில் ஓட்டிப் பார்ப்பான். பிறகுதான் அந்த வரிக்கு நேரே 'சோதித்தது' என்று எழுதி, தேதியும் நேரமும் போடுவான். பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பும் எழுதுவான்.

கலுபாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பொறாமை மட்டும் நிறைய இருந்தது. போன நவம்பரில் பன்னிரண்டு புது விளக்குகள் வந்தபோது, அவனுக்குப் போட்டியாகத் தானும் ஒரு பைல் எழுதினாள். கடைசிச் சேனல் என்ன செய்யும் என்று தெரியவில்லை. தோன்றியதை எழுதி வைத்தாள்.

அன்றைக்கு சம்பேஷி ஏணியின் உச்சியில் நின்று விளக்கு ஒன்றை முடுக்கிக்கொண்டிருந்தான்.

"கடைசி சேனலத் தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் பாத்தேன். பெரிய வாத்தியாரு! கீழ எறங்கி வந்து மார்க் போடு."

அவள் பார்க்கவே இல்லை. தன் பைலை ஏற்றினாள். அந்தச் சேனல் விளக்கை அணைத்து முதலிலிருந்து இயக்கும் 'ரீசெட்' சேனல். பன்னிரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் வெறிபிடித்துச் சுழன்றன. அவன் கையில் இருந்த விளக்கு அவன் தாடையில் அடித்தது. ஏழு மீட்டர் உயரம்.

அவள் அவனிடம் ஓடவில்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, இரண்டு பைல்களையும் திறந்து, எழுதியவர் பெயரை மாற்றினாள். நல்ல பைலில் அவள் பெயர். கெட்ட பைலில் அவன் பெயர். கீழே அவன் இன்னும் முனகிக்கொண்டிருந்தான்.

விசாரணை சுலபமாக முடிந்தது. கவனக்குறைவு, தன் பைலாலேயே செத்தான் என்று எழுதினார்கள். அவன் மனைவி கைக்குழந்தையோடு மன்றத்து வீட்டைக் காலி செய்தாள். நாற்காலி கலுபாவுக்கு வந்தது.

ஆனால் அவள் ஒன்றை மறந்திருந்தாள். திருத்திய நேரம். அந்தக் கெட்ட பைலின் மேல் அது அப்படியே பதிந்திருந்தது. சம்பேஷி விழுந்து பதினோரு நிமிடம் கழித்த நேரம். விழுந்தவன் எழுந்து வந்து பைலைத் திருத்தியிருக்க முடியாது என்பது யாருக்கும் புரியும். அது அவள் நினைவுக்கு வந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது; பதினெட்டாம் தேதி அந்த லேப்டாப் புது மேலாளரின் கைக்குப் போகிறது. அதற்குள் பைலை அழித்தாக வேண்டும். இல்லையென்றால் வேலை போகும், சிறையும் கிடைக்கும்.

அதனால்தான் முந்தின நாள் வெள்ளிக்கிழமை மதியமே வந்துவிட்டாள். ஊரில் மின்வெட்டு. இரண்டு மணிக்குத்தான் மின்சாரம். ஜன்னல் இல்லாத அரங்கம், பகலிலும் கும்மிருட்டு. வாசலில் எலெக்ட்ரீஷியன் கசோமா, மரியாதையாகக் கூப்பிட்டால் 'பா கசோமா', வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பனா தெம்வா, இருட்டுல உக்காந்து யாருக்கு லைட்டு போடப்போறீங்க?"

"உங்க மூஞ்சிக்குத்தான். அதுக்கு இருட்டே தேவலைன்னு விட்டுட்டேன்."

கசோமா கடலை சிதறச் சிரித்தார். அவள் உள்ளே போனாள்.

மணி 12:40. லேப்டாப் பேட்டரியில் ஓடியது. கெட்ட பைலைத் தேடினாள். இருந்தது. அழித்தாள். 'அழிக்கவா?' என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். அப்பாடா என்று இருந்தது.

12:46. பட்டியலை மறுபடி பார்த்தாள். பைல் அங்கேயே இருந்தது. மீண்டும் அழித்தாள். போனது. வந்தது.

12:52. தலைக்கு மேலே ஒரு சத்தம்.

டக்... டக்... க்ர்ர்ர்...

விளக்கு தலை திருப்பும் சத்தம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்தான். ஆனால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாமல் அது அசையாது.

"பா கசோமா! ஜெனரேட்டர் போட்டீங்களா?"

"எங்க போட? டீசலே இல்ல!" வாசலில் இருந்து அவர் குரல் வந்தது.

12:57. பட்டியலின் கடைசியில் ஒரு புதுப் பைல். அவள் எழுதியது இல்லை. விளக்கின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கலுபா' என்று இருந்தது.

திறந்தாள். பதினாறு வரிகள்.

முதல் சேனல்: கழுத்து, திருப்பம். இரண்டாவது: கழுத்து, சாய்வு. மூன்றாவது: இடது இமை. ஒன்பதாவது: வலது கை...

பதினாறாவது: மூச்சு.

1:01. மூட முயன்றாள். மூடவில்லை. லேப்டாப்பைத் தட்டி அணைத்தாள். அணையவில்லை.

திரையில் மூன்றாவது சேனலின் அளவுக்கோடு தானாக ஏறியது.

அவளுடைய இடது இமை மூடிக்கொண்டது.

திறக்க முடியவில்லை.

மேலே... க்ர்ர்ர்...

முதல் கோடு அசைந்தது. மெதுவாக. மிக மெதுவாக.

அவள் கழுத்து இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து இழுத்தாள். நிற்கவில்லை.

தோளுக்கு மேல்...

இன்னும்...

பின்னால் ஏணி நின்றது. அவள் வந்தபோது அங்கே ஏணி இல்லை.

ஏணியின் உச்சியில் ஏதோ இருந்தது. அது என்ன என்று அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எலும்பு நெறிபட்டது.

1:03.

அலறல் கேட்டுக் கசோமா ஓடி வந்தார். நாற்காலியில் அவள் முன்பக்கமாக உட்கார்ந்திருந்தாள். முகம் முதுகுப் பக்கம் பார்த்தது. மேலே விளக்குகள் அசையாமல் தொங்கின. ஏணி கிடங்கில் பூட்டித்தான் கிடந்தது. சாவி கசோமாவின் இடுப்பில்.

பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தைப் பாதிதான் திருப்ப முடிந்தது. மறுநாள் புது மேலாளரை வரச்சொல்லி, பெயர் மாற்றியதிலிருந்து எல்லாவற்றையும் அவளே சொன்னாள். சொன்னால் சம்பேஷி விட்டுவிடுவான் என்று நினைத்தாள், பாவி. கழுத்து ஒரு விரற்கடைகூடத் திரும்பவில்லை.

நான்காம் நாள் கசோமா பார்க்க வந்தார். கையில் ஒரு தாள். அந்தக் 'கலுபா' பைலை முழுக்கப் பார்த்து எழுதி எடுத்து வந்திருந்தார்.

"பனா தெம்வா, நீங்க பைல முழுசாப் பாக்கல. வலப்பக்கம் தள்ளிப் பாத்தா தேதி போட்டிருக்கு. டிசம்பர்லேர்ந்து, ஒவ்வொண்ணா. மூச்சுக்கு மட்டும் இன்னும் தேதி போடல."

"ஒன்பதாவது?" என்றாள் அவள். வேறு எதையும் கேட்கவில்லை.

அதற்கு ஆறு மாதம் முன்னால், ஏப்ரலில் ஒரு ஞாயிறு காலை கலுபா தன் மகளைக் குளிப்பாட்ட வெந்நீர் இறக்கினாள். அடுப்பிலிருந்து இறக்கிய பானை அவள் கையிலேயே இருந்தது. அந்தக் கை நீண்டு, தெம்வாவின் தலைக்கு மேலே போய், நிதானமாகச் சாய்ந்தது. "நான் ஊத்தல, கை தானாப் போச்சு" என்று அவள் மண்ணில் புரண்டு கதறினாள். கணவன் நம்பவில்லை. ஆஸ்பத்திரியிலும் நம்பவில்லை. ஆறு வயதுப் பிள்ளை, ஒன்பது நாள் கிடந்து செத்தது. அதற்குப் பிறகும் ஊர் அவளை பனா தெம்வா என்றுதான் கூப்பிட்டது. ஒவ்வொரு முறையும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

கசோமா தாளைப் பார்த்து, தயங்கித் தயங்கி வாசித்தார்.

"வலது கை. சோதித்தது, ஏப்ரல் ஆறு, காலை 7:20. குறிப்பு: சொன்னபடி கேட்கிறது."