ஸ்டம்புக்குப் பின்னால் பேசியவன்

லிண்டன் ட்ரெசைஸ் தெற்கு ஆஸ்திரேலியாவுக்காக ஆறு சீசன் விக்கெட் கீப்பராக ஆடினான். ஐம்பத்தொரு ஆட்டம், நூற்றுத் தொண்ணூற்றெட்டு கேட்ச், இருபத்து மூன்று ஸ்டம்பிங். எங்கள் ஊர் வல்லாரூ கிளப்பில் முப்பது வருடமாக ஸ்கோர் எழுதுகிறவள் நான். இந்த எண்களைச் சொல்ல எனக்குப் புத்தகம் வேண்டாம். அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தோம். இனி சொல்லப்போகிறதில் பாதி நான் நேரில் பார்க்காதது. ஆனால் லிண்டன் தனக்கு நடந்த எதையும் யாரிடமும் சொல்லாமல் விட்டவன் இல்லை. அதனால் பார்த்த மாதிரிதான்.

எங்கள் ஊரில் செம்பட்டைத் தலைக்காரனை 'நீலம்' என்று கூப்பிடுவோம். ஆறடி உயரக்காரன் 'குள்ளன்'. அந்த வழக்கப்படி லிண்டனுக்குப் பள்ளிக்கூடத்திலேயே 'ஊமை' என்று பெயர் விழுந்துவிட்டது. இன்றைக்கும் கோதுமைக் குதிர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பங்கில் போய் ட்ரெசைஸ் வீடு எங்கே என்று கேட்டால் யோசிப்பார்கள். ஊமை வீடு என்றால் உடனே கை காட்டுவார்கள்.

அவன் கீப்பர் ஆனதே பேச்சால்தான். முதலில் எல்லைக்கோட்டில்தான் நிறுத்தினார்கள். அங்கே வேலிக்கு அந்தப் பக்கம் காரில் சாய்ந்து நின்றிருந்தவர்களோடு பேசிக்கொண்டிருப்பான். பந்து அவன் காலடியில் போகும். பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள், முகம் வாடிப்போனான். கடைசியில் ஸ்டம்புக்குப் பின்னால் நிறுத்தினார்கள். கைக்கெட்டும் தூரத்தில் பேட்ஸ்மேன், அந்தப் பக்கம் ஸ்லிப், அவ்வப்போது அம்பயர். பேசிக்கொண்டே பந்தைப் பிடித்தான். கையும் நல்ல கை. அப்பாவோடு பிளம்பர் வேலை பார்த்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலை விட்டுத் திருகிப் பழகிய கை.

இருபத்து நாலு வயதில் மாநில அணியின் கீப்பருக்கு விரல் முறிந்தது. அடிலெய்டிலிருந்து இவனுக்குப் போன் வந்தபோது ஒரு மதுக்கடையின் சிங்க்குக்கு அடியில் படுத்திருந்தானாம். போனை வாங்கியவன், அடைப்பு எதனால் வந்தது, இதற்கு முன்னால் வந்த பிளம்பர் என்ன தப்புச் செய்தான் என்று பத்து நிமிடம் சொல்லி முடித்துவிட்டுத்தான், யார் பேசுவது என்று கேட்டான். தேர்வுக்குழுக்காரர் முழுவதையும் கேட்டிருக்கிறார். அதுதான் ஆச்சரியம். லிண்டன் பேச்சில் அப்படி ஒன்று உண்டு. பாதியில் எழுந்து போக முடியாது.

பெர்த்தில் முதல் ஆட்டம். ஐந்து கேட்ச் பிடித்தான். எங்கள் நாட்டில் ஸ்டம்பைச் சுற்றி நிற்பவர்கள் பேட்ஸ்மேனின் பிறப்பு வளர்ப்பையெல்லாம் விசாரிப்பது வழக்கம். எங்கள் அணியில் முதல் ஸ்லிப்பில் நின்ற கேப்டன் டென்னிஸ் மோயில் அதில் கை தேர்ந்தவர். அவர் ஒரு பக்கம் திட்டிக்கொண்டிருக்கும்போதே லிண்டன் பேட்ஸ்மேனிடம் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்பான். திட்டு வாங்கினால் பேட்ஸ்மேனுக்கு ரோஷம் வரும், கவனம் கூடும். இவன் கேட்பதற்கு என்ன வரும்? பதில் சொல்லத்தான் வரும். பதில் சொன்னவன் அடுத்த ஓவரில் போய்விடுவான். இதை லிண்டன் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று நான் எத்தனையோ பேரிடம் சத்தியம் செய்திருக்கிறேன். ஒருவரும் நம்பியதில்லை.

சம்பள ஒப்பந்தம் கிடைத்ததும் அவனும் மனைவி ரோஸ்லினும் அடிலெய்டில் பழைய கல்வீடு ஒன்றை வாங்கினார்கள். கூரை ஒழுகியது. பரோசாவில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ரோஸ்லினின் அப்பா ஆல்வின் ஷிர்மர், இரண்டே நாளில் சரிசெய்து தருகிறேன் என்று பெட்டியோடு வந்து இறங்கினார். அவர் வந்து மூன்றாவது வாரம்தான் குயின்ஸ்லாந்து அணி அடிலெய்டுக்கு ஆட வந்தது.

நாலு நாள் ஆட்டம். குயின்ஸ்லாந்தின் தொடக்க ஆட்டக்காரன் கசுல்கி முதல் நாள் மத்தியானம் வந்து நின்றவன், அசையவே இல்லை. நேரம் நிறைய இருந்ததால் லிண்டன் மாமனார் கதையை விரிவாகவே சொன்னான். ஒரு தகரத்தைக் கழற்றப் போனவர் ஏழு தகரத்தைக் கழற்றியது, புதுத் தகரத்தின் அளவு தப்பியது, அந்தத் தப்பை அவர் தகரம் செய்தவன் தலையில் போட்டது எல்லாம். முதல் நாள் ஆட்டம் முடிந்தபோது கசுல்கி அறுபத்தெட்டு, மாமனார் பதினொன்றாவது தகரம்.

இரண்டாம் நாள் காலையில் கசுல்கி வந்து நின்றதும் அவனேதான் தலையைத் திருப்பாமல் கேட்டானாம்.

"என்னப்பா, கெழவர் மூடிட்டாரா?"

"எங்க மூடினார்? விடியக்காலைல பத்து நிமிஷம் மழை. எங்க கட்டில் நனைஞ்சு போச்சு."

பிறகு ஒவ்வொரு பந்துக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக மற்றதும் வந்தது. நனைந்த கட்டிலைப் பார்த்த ரோஸ்லின், இனி கூரை வேலை தெரிந்த ஆளையே கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டாள். ஆல்வினுக்கு அது பொறுக்கவில்லை. மகள் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்வரை இறங்கமாட்டேன் என்று, தொப்பி, ரேடியோ, வாளி, கயிறு சகிதம் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். வாளி எதற்கென்றால், சாப்பாடு மேலே போக. கோபம் கோபம்தான் என்றாலும் ரோஸ்லின் அதில் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் டீயும் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கசுல்கி தொண்ணூற்றாறு ரன்னில் இருந்தான். இடக்கை சுழல் பந்து வீச்சாளர் ஓடிவரத் தயாரானார். லிண்டன் ஸ்டம்பை ஒட்டிக் குனிந்தான்.

"நான் கிளம்பற நேரம் பாரு, ரோஸ்லின் வந்து ஏணியை எடுத்துட்டா" என்றான்.

பந்து வந்தது. கசுல்கி ஒரு கால் முன்னால் போட்டான். பந்து பேட்டுக்குத் தப்பி லிண்டன் கைக்கு வந்தது. சாதாரணமாக அந்த இடத்தில் எந்த பேட்ஸ்மேனும் பின்காலைக் கோட்டுக்குள் இழுத்துக்கொள்வான். கசுல்கி முழு உடம்போடு திரும்பி, "ஏணியையா?" என்றான்.

லிண்டனின் கை தன்பாட்டுக்குப் பெயில்ஸைத் தட்டிவிட்டது. மோயில் இரண்டு கையையும் தூக்கி அவுட் கேட்டார். அம்பயர் விரலை உயர்த்தினார்.

லிண்டன் கேப்டனிடம் ஓடி, இது சரியில்லை, நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன், அவனைத் திரும்பக் கூப்பிட்டுவிடலாம் என்று கெஞ்சினான். மோயில் கேட்டுக்கொண்டு, "பேசினது நீ. காலை வெளிய வெச்சது அவன். பேசாம போய் நில்லு" என்றார். அந்த உத்தரவின் இரண்டாம் பகுதியை மட்டும் லிண்டன் நிறைவேற்றினான்.

அன்று மாலை ஆட்டம் முடிந்ததும் கசுல்கி இரண்டு பியர் பாட்டிலோடு இவர்கள் அறைக்கு வந்தான். எல்லோரும் சண்டை வரும் என்று பார்த்தார்கள். அவன் லிண்டன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டிலை நீட்டினான்.

"செஞ்சுரி போனது போகட்டும். ஏணியை எடுத்துட்டா. அப்புறம்?"

"எனக்கே தெரியாதுப்பா. நான் ஆட வந்துட்டேன்ல."

கசுல்கி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, வா, போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தானாம். பிறகு இரண்டு பேரும் லிண்டனின் வேனில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆல்வின் கூரை உச்சியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மத்தியானம் ஒருமுறை பக்கத்து வீட்டு ஏணியில் இறங்கி, பாத்ரூம் போய்விட்டு, மறுபடி ஏறிக்கொண்டாராம். இறங்கியது கணக்கில் வராது என்பது அவர் கட்சி. வீட்டு ஏணி எலுமிச்சை மரத்தில் சாத்தியிருந்தது. ரோஸ்லின் காய் பறித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைத் தண்டிக்கத்தான் எடுத்தாளா, காய் பறிக்கத்தான் எடுத்தாளா என்று நான் பின்னால் கேட்டேன். "ரெண்டுக்கும் ஒரே ஏணிதானேடி" என்றாள்.

மேலே இருந்தவர் வந்திருப்பது யார் என்று கேட்டார். லிண்டன் சொன்னான்.

"நீதானா? ரேடியோல கேட்டேன். அப்படி என்னத்தைப் பாக்கத் திரும்பினே?"

"உங்க கதை என்னாச்சுன்னு கேக்கத்தான் சார்."

ஆல்வின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். செஞ்சுரிக்கு நாலு ரன் இருக்கும்போது ஒருவன் தனக்காகத் திரும்பியிருக்கிறான் என்பது அவருக்கு லேசான விஷயமாகப் படவில்லை. அந்தப் பையனுக்குக் கை கொடுக்கவேண்டும், ஏணியைக் கொண்டுவா என்று மகளுக்கு உத்தரவு போட்டார். வார்த்தையைத் திரும்ப வாங்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ரோஸ்லின் ஏணியைச் சாத்த, அவர் இறங்கி வந்தார். கை கொடுத்து முடித்ததும் கசுல்கி, என் அப்பாவுக்கு டூவும்பாவில் கூரைத் தொழில்தான், நானும் கூடப் போயிருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னான். மறுபடி எல்லோருமே ஏறினார்கள். இருட்டுவதற்குள் பதினொரு தகரமும் போட்டாயிற்று. ரோஸ்லின் ஆட்டிறைச்சியைத் தீயில் வாட்டிப் போட்டாள். ஆல்வின் மறுநாள் பெட்டியோடு ஊர் போய்ச் சேர்ந்தார், கூரையைத் தானே முடித்ததாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கதை இத்தோடு நின்றிருந்தால் லிண்டன் இன்னும் நாலைந்து வருடம் ஆடியிருப்பான். பத்திரிகைகள் விடவில்லை. 'பேச்சால் ஸ்டம்பிங் செய்த குள்ளநரி' என்று ஒன்று எழுதியது. ஆஸ்திரேலிய அணிக்கே அவன் பெயர் இரண்டு வாரம் அடிபட்டது. கடைசியில் வேறு ஆளை எடுத்தார்கள். அதைவிட மோசம், மற்ற மாநில அணிகள் கூட்டம் போட்டு, ட்ரெசைஸ் பேசினால் காது கொடுக்காதே என்று முடிவெடுத்தன. ஒருவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தான். விக்டோரியாக்காரன் ஒருவன் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் சர்ச் பாட்டை முணுமுணுப்பான். லிண்டன் வானிலையைப் பற்றிக் கேட்டால்கூடப் பதில் கிடையாது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவன் படகுத்துறையில் நண்டுக்கு வலை போட்டுவிட்டு என்னிடம் சொன்னான். "யாருமே எங்கிட்ட பேசறதில்ல. நாள் பூரா குனிஞ்சு குனிஞ்சு எழுந்திருக்கறேன். ஏதோ ஜெயில்ல இருக்கற மாதிரி இருக்கு." அவன் குரல் இறங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்த ஜனவரியில் ஒரே ஆட்டத்தில் நாலு கேட்ச் விட்டான்.

அடுத்த வருடம் ஹாலோரன் என்று புதுப் பயிற்சியாளர் வந்தார். கதை கிதையெல்லாம் வேண்டாம், ஆண்பிள்ளையாகத் திட்டு என்றார். லிண்டனுக்குத் திட்டத் தெரியாது. ரோஸ்லின் சமையலறையில் வைத்து அவனுக்குப் பயிற்சி கொடுத்தாள். பிளம்பர் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் அவளைத் திட்டவேண்டும். அவள் பேட்ஸ்மேன் மாதிரி கரண்டியோடு நிற்பாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஒன்றும் நடக்கவில்லை.

ஹோபார்ட்டில் இருபது வயது டாஸ்மேனியப் பையன் ஒருவன் ஆட வந்தான். ஹாலோரன் எல்லைக்கோட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். லிண்டன் தொண்டையைச் செருமினான்.

"டேய், உன்னையெல்லாம் யாருடா டீம்ல எடுத்தது?" என்றான். பையன் முகம் வெளுத்துவிட்டது. லிண்டனுக்குத் தாங்கவில்லை. "இல்லப்பா, நல்லாத்தான் ஆடறே. தப்பா எடுத்துக்காதே. காலைல ஏதாவது சாப்டியா?"

பையன் சாப்பிட்டிருந்தான். நூற்று நாற்பது ரன் அடித்தான். வெளியே போகும்போது லிண்டனுக்கு நன்றி சொல்லிவிட்டும் போனான்.

சீசன் முடிவில் ஹாலோரன் அவனை அறைக்குக் கூப்பிட்டு, ஒப்பந்தம் இனி இல்லை என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னார். லிண்டன் 'சரி' என்றானாம். அவ்வளவுதான். அவன் வாழ்க்கையிலேயே சின்னப் பேச்சு அதுதான் என்று ரோஸ்லின் சொல்வாள். வீட்டுக்கு வந்து வேனிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அவள் போய்ப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். அவன் பேச ஆரம்பித்தபிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

இத்தனை பேசுகிறவனை ரேடியோவில் வர்ணனைக்குப் போடலாம் என்று யாருக்கோ தோன்றியது. எங்கள் கிளப்பில் நாற்பது பேர் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரு ஓவர் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. ரேடியோ கெட்டுவிட்டது என்று ஒருவர் தட்டிக்கூடப் பார்த்தார். கண்ணாடி அறைக்குள் மைக்கைப் பார்த்ததும் அவனுக்கு வாய் எழவில்லை. எதிரில் முகம் இல்லாமல் யாரிடம் பேசுவது என்று பிறகு கேட்டான். கூட இருந்தவர்தான் ஆட்டத்தைச் சொல்லி முடித்தார்.

அடிலெய்டு வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் வல்லாரூவுக்கே வந்துவிட்டார்கள். வாரநாளில் பிளம்பர், சனிக்கிழமைகளில் வட்டார ஆட்டங்களுக்கு அம்பயர். முழங்கால் குனியவிடவில்லை என்பதால் அம்பயராக நிற்கிறான். இதில் வந்த சிக்கல் என்னவென்றால், பந்து வீச்சாளன் திரும்பி நடந்து வரும்போதெல்லாம் இவன் அவனிடம் பேசுகிறான். பந்து எண்ணிக்கை மறந்துபோகிறது. சில ஓவரில் ஏழு பந்து, ஒருமுறை ஒன்பது. என் ஸ்கோர் புத்தகத்தில் கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதவேண்டியிருக்கிறது.

போன மாதம் பக்கத்து ஊர் மூண்டா அணி புகார் கொடுத்தது. வட்டாரச் சங்கத்தின் செயலாளர், அம்பயர் ஆட்டக்காரர்களோடு பேசுவதைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்று லிண்டனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அதைப் பற்றி நேரில் பேசிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லிண்டன் அவர் வீட்டுக்குப் போனான். மத்தியானச் சாப்பாடு அங்கேயே ஆயிற்று. மூன்று மணிக்குச் செயலாளர் எனக்குப் போன் செய்து, அடுத்த சீசனிலிருந்து ஸ்கோர் புத்தகத்தில் ஓவருக்குக் கொஞ்சம் பெரிய கட்டமாகப் போட்டு அச்சடிக்க முடியுமா என்று கேட்டார்.