ஒரே குத்து

போன ஞாயிற்றுக்கிழமை டோம்பிவிலி வீட்டில் மகள் கம்ப்யூட்டரில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். முதல் உலகப் போர். பதுங்குகுழி, சேறு, புகை எல்லாம் தத்ரூபம். அவளுடைய சிப்பாய் ஓடிப்போய் எதிரியின் வயிற்றில் துப்பாக்கிமுனைக் கத்தியைச் செருகினான். எதிரி சாகாமல் திரும்பி அவளைச் சுட்டான்.

"இதென்ன அநியாயம்?" என்றேன்.

"ரெண்டு தடவை குத்தணும்ப்பா. அப்டேட்ல பேலன்ஸ் பண்ணிட்டாங்க."

பேலன்ஸாம். வயிற்றில் அரை அடி இரும்பு இறங்கியவன் நின்று நிதானமாகக் குறி பார்க்கிறான். ஆனால் இந்த நியாயமெல்லாம் பேச எனக்கு அருகதை கிடையாது. மாட்டுங்காவில் கல்லூரி படித்த காலத்தில் நான் ஆடிய ஆட்டத்தில் காலில் கீறினாலே ஆள் காலி. அதை வைத்துத்தான் நான் வீரன் என்று பேர் வாங்கினேன்.

தாராவியில் சுலைமான் பாய் நடத்திய நெட் கஃபேயைச் சொல்கிறேன். கீழே அவருடைய தோல் பைப் பட்டறை. இரும்பு ஏணியில் ஏறினால் ஆறு கம்ப்யூட்டர்கள். பசை வாசனையும் தோல் வாசனையும் மேலே வந்து சட்டையில் ஒட்டிக்கொள்ளும். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று அம்மா கேட்டதே இல்லை. அங்கிருந்த மவுஸ்கள் அழுக்கு சேர்ந்து ஒரு பக்கமாக இழுக்கும். போதாததற்குப் பழைய காலத்துத் துப்பாக்கி. ஒரு குண்டு சுட்டு அடுத்ததை ஏற்றுவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். சுடுவதற்கு யாருக்குப் பொறுமை? கத்தியை நீட்டிக்கொண்டு ஓடுவோம்.

பாய்க்கு அது பொறுக்காது. திருநெல்வேலிக்காரர், கத்தியும் தோலுமாகவே வளர்ந்தவர். "ஏலே, தோலுக்குள்ள எறங்குன கத்தி அவ்வளவு லேசுல வெளிய வருமாலே? இழுக்கதுக்குள்ள உன் சோலி முடிஞ்சிருக்கும்," என்பார். நாங்கள் கேட்டால்தானே.

ஒழுங்காகச் சுடக் கற்றுக்கொண்டவன் நிலேஷ் ஒருவன்தான். மராட்டிப் பையன், தேவ்நாரிலிருந்து பஸ் பிடித்து வருவான். அதிகம் பேசமாட்டான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். வடாபாவ் வாங்கினால் பாதி எனக்குத்தான். அவன் குறியை நம்பித்தான் செம்பூர் கஃபே ஒன்றோடு போட்டிக்கு ஒத்துக்கொண்டிருந்தோம்.

போட்டிக்கு முந்தின நாள் பயிற்சியில் நிலேஷ் எதிர்க்கட்சி. ஒரு ஜன்னலோரம் படுத்துக்கொண்டு எங்களில் இரண்டு பேரைச் சுட்டுவிட்டான். நான் சுற்றிக்கொண்டு அவன் பின்னால் போனேன். செத்துப்போன இரண்டு பேரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "குத்துலே! குத்துலே!" என்று கத்தினார்கள். கணுக்காலில் குத்தினேன். செத்தான்.

நிலேஷ் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். "ஏக் சால் ஸே தும்லோக் மேரேகோ குத்தா போல்தா ஹை. மை குத்தா ஹூம் க்யா?"

ஒரு வருஷமாக என்னை நாய் என்கிறீர்களே, நான் நாயா என்று கேட்கிறான். எங்கள் 'குத்து' அவன் காதில் இந்தி 'குத்தே'யாக, அதாவது 'நாயே' என்று விழுந்திருக்கிறது, ஒவ்வொரு முறை சாகும்போதும். அதையும் விழுங்கிக்கொண்டு மறுநாள் பஸ் ஏறி வந்திருக்கிறான்.

நான் சிரித்துவிட்டேன். விஷயம் புரிந்து வந்த சிரிப்புதான். அது அவனுக்கு எப்படித் தெரியும்? மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். இந்தியில் விளக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவன் ஏணியில் இறங்கிவிட்டான்.

"போய்க் கூட்டிட்டு வாலே," என்று பாய் கீழேயிருந்து சத்தம் போட்டார்.

"நாளைக்கு வந்துருவான் பாய்," என்றேன். அடுத்த ஆட்டம் தொடங்கியிருந்தது.

வரவில்லை. போட்டியில் மண்ணைக் கவ்வினோம். அதன் பிறகும் அவன் வரவில்லை. பட்டறையை இடித்துவிட்டார்கள், பாய் ஊரோடு போய்விட்டார், அந்த விளையாட்டை இன்றைய கம்ப்யூட்டர் எதுவும் ஏற்றுக்கொள்வதில்லை. இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. தேவ்நாரில் நிலேஷின் வீடு எந்தச் சந்தில் என்று ஒரு நாள்கூடக் கேட்டு வைக்கவில்லை, அதுதான் வலிக்கிறது. எங்கேயோ என் வயதில் ஒருவர், தாராவித் தமிழ்ப் பையன்கள் ஒரு வருஷம் தன்னை நாய் என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள் என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பார்.