ஆறாமல் அளந்த நாற்பத்தெட்டு பின்கள்

ஆலையில் தரப் பிரிவு மேலாளரின் பட்டப்பெயர் 'மைக்ரான்'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், அவளுக்கும் தெரியும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட விட்டுக்கொடுக்காதவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது? விமானச் சக்கரத்தைத் தாங்கும் காலில் செருகும் பின்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தே இருபத்திரண்டு வருடம் ஓட்டியவள்.

சாணை பிடித்துச் சூட்டோடு வரும் பின்னை, இருபது டிகிரியில் வைத்திருக்கும் அளவறையில் நான்கு மணி நேரம் ஆறவிட்டுத்தான் அளக்கவேண்டும். சூட்டில் இரும்பு கொஞ்சம் உப்பியிருக்கும். அப்போது சரியென்று காட்டியது, ஆறியபின் இளைத்துப்போகலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பழைய தாள்களைச் சரிபார்க்கும்போது அது கண்ணில் பட்டது. நாற்பத்தெட்டு பின்கள், எட்டு மணிக்கே ஆறவைத்து, பன்னிரண்டுக்கு அளந்ததாக எழுதியிருந்தது. சாணை இயந்திரத்தின் பதிவிலோ அவை இறங்கியதே பதினொன்றரைக்கு. கீழே கையெழுத்து, அவள் தம்பியுடையது. அவளே சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட தம்பி.

அறைக்குக் கூப்பிட்டாள்.

"லாரி வாசல்ல நின்னுச்சுக்கா. அளந்துதான் அனுப்பினேன். எல்லாம் அளவு வரம்புக்கு நடுவுலதான் இருந்துச்சு."

"ஆறலையே."

"மெஷின் பதிவுல அந்த ஒரு வரிய மட்டும் மாத்தி எழுதிடு. யாருக்குத் தெரியப்போகுது? ரெண்டு பொண்ணு ஸ்கூலுக்குப் போகுதுக்கா."

அவள் மனசு மரக்கட்டையாகக் கிடந்தது. அவன் உட்கார்ந்திருக்கும்போதே பின்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி விமானக் கம்பெனிக்குக் கடிதம் அடித்தாள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டுமுறை படித்துவேறு பார்த்தாள். இப்படியும் ஒரு பிறவி!

பொய்ப் பதிவுக்கு அங்கே மன்னிப்பு கிடையாது. அந்த வாரமே அவன் வேலை போயிற்று. அவளோடு இருக்கும் அம்மா பேச்சை நிறுத்திக்கொண்டாள். தட்டில் போட்டு நகர்த்துவதோடு சரி. அவளும் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே சாப்பிட்டு எழுந்தாள். அழுகை வருமென்று குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு காத்திருந்ததும் உண்டு. வரவில்லை.

மூன்றாவது வாரம் பின்கள் திரும்பி வந்தன. முறைப்படி ஆறவைத்து, யாரையும் தொடவிடாமல் ஒவ்வொன்றாக அவளே அளந்தாள். சாயங்காலம் தம்பியிடமிருந்து போன் வந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எத்தனை போச்சுக்கா?"

வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம். அந்த வாய்க்கு அது பழக்கமில்லை.

"ஒண்ணும் போகலடா. நாப்பத்தெட்டும் சரி."

அவன் மெதுவாக, "ஒண்ணாவது போச்சுன்னு சொல்லியிருக்கலாமேக்கா. தப்புப் பண்ணினோம், போனோம்னு இருந்திருப்பேன்" என்றான். வைத்துவிட்டான்.

அவனிடம் அவள் சொல்லாதது ஒன்று உண்டு. காலையிலிருந்து ஒவ்வொரு பின்னையும் கருவியில் வைக்கும்போது, இதுவாவது இளைத்திருக்கக் கூடாதா என்றுதான் அவளும் வேண்டிக்கொண்டிருந்தாள்.