ஓடை கொண்டு வந்த பிடிமண்

அம்மா வீட்டை மூட்டை கட்டியிருந்த அழகைப் பார்த்து லாரி டிரைவர் கேட்டார்: “தம்பி, வீட்டைக் காலி பண்ணுதீங்களா, ஆஸ்பத்திரியைக் காலி பண்ணுதீங்களா?”

அவர் கேட்டதில் தப்பில்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் அம்மாவுக்கு வேலை. கழிவென்று ஒதுக்கிய துணியைக் கேட்டு வாங்கி வந்து, குக்கர், குத்துவிளக்கு, மிக்ஸி, என் சான்றிதழ் ஃபைல் என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றுக்கும் கட்டுப் போட்டிருந்தார். வாசலில் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருந்தது எங்கள் குடித்தனம்.

“ஏட்டி, நான் ஒருத்தன்தான் பாக்கி. எனக்கும் ஒரு சுத்து சுத்திரு” என்றார் அப்பா.

பஞ்சுக் குடோனில் மூட்டை தூக்கியே இடுப்பு போனவர் அப்பா. புனேயில் எனக்கு வேலை கிடைத்ததும், இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று தீர்மானித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. ஒன்றே ஒன்றில் மட்டும் அம்மா பிடிவாதமாக இருந்தார். குலசாமி அம்மனின் காலடியில் ஒரு பிடி மண் எடுத்துப் போக வேண்டும். போகிற ஊரில் அதை வைத்துத்தான் கும்பிட வேண்டும்.

“பிடிமண் இல்லாம நான் வரல. நீங்க ரெண்டு பேரும் போய்க்கோங்க.”

அதை முன்கூட்டியே எடுத்து வைக்கவும் முடியாது. வீடு காலியான பிறகு, கிளம்புகிற அன்றுதான் எடுப்பது எங்கள் வழக்கம். எடுத்த மண்ணைத் தரையில் வைக்கக் கூடாது. ஆகவே காலையில் லாரியை அனுப்பிவிட்டு, மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஆட்டோ பிடித்துச் செண்பகத்தோப்புக்குப் புறப்பட்டோம். சாயங்காலம் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கிருந்து ரயில்.

பாதி வழியில் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். மண் எடுப்பதற்கென்று புளி போட்டுத் துலக்கிய செம்பையும், கைப்பழக்கத்தில் துணி சுற்றி லாரியில் ஏற்றிவிட்டிருந்தார். அவர் பையில் மிச்சமிருந்தது ஒரு சுருள் பேண்டேஜ் துணிதான்.

வனத்துறை கேட் பூட்டியிருந்தது. மலையில் நல்ல மழையாம். உள்ளே ஓடைக்கரை மரத்தடியில்தான் எங்கள் சாமிக்கல் இருக்கிறது. நான் காவலரிடம் எங்கள் நிலைமையை முறையாக எடுத்துச் சொன்னேன்.

“நல்லாத்தான் பேசுதீரு தம்பி. ஓடை கேக்கணும்லா? வந்து பாரும்.”

கேட்டை ஒட்டி ஓடை வளைகிற இடத்துக்கு அவர் பின்னால் மூவரும் போய்ப் பார்த்தோம். வந்தபோதெல்லாம் கணுக்கால் நனைத்த ஓடை அது. இப்போது கரைக்குக் கரை செம்பழுப்பாகப் புரண்டு போய்க்கொண்டிருந்தது. வேரோடு ஒரு மரம் துரும்புபோல் திரும்பித் திரும்பி வந்தது. நின்ற பாறை என் உள்ளங்காலில் அதிர்ந்தது. சொல்ல வைத்திருந்த அடுத்த வாக்கியம் எனக்கு மறந்துபோயிற்று.

அம்மா கும்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு. பொறவு ஒரு நாள் வந்து எடுப்போம்ட்டி” என்றார் அப்பா.

“நீங்க போங்க. தண்ணி வடியட்டும், நான் எடுத்துட்டு வாரேன்.”

புனே என்ன, பக்கத்துத் தெருவா? தனியாக எப்படி வருவார்? ஆனால் அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. காலி வீடும், முன்னால் போய்க்கொண்டிருக்கிற லாரியும் நினைவுக்கு வர, நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

செத்த நேரம் கழித்து அம்மா காவலரைப் பார்த்தார். “எய்யா, இந்தத் தண்ணி எங்க சாமி மரத்தைத் தொட்டுட்டா வருது?”

“தொட்டா? அவ காலைக் கழுவிட்டுல்லா வருது!”

அம்மா எழுந்தார். துணிச்சுருளைப் பிரித்துப் பல மடிப்பாக மடித்தார். “ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க.” காவலரே தம் வாளியில் ஓரத்துத் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றினார். தண்ணீர் கீழே இறங்கியது. துணியில் மெல்லிய செம்படலம் தங்கியது. மறுபடி ஊற்றினார், மறுபடியும். காயத்துக்குக் கட்டும் துணியில் மலை கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. பள்ளி ஆய்வகத்தில் நானும் வடிதாளில் கலங்கல் நீரை வடித்திருக்கிறேன். அப்போது இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

ஒரு பிடி சேர்ந்ததும் அம்மா முடிச்சுப் போட்டார். “நாம போக முடியலன்னு அவளே எறங்கி வந்துட்டா. ம், நடங்க.”

அப்பாதான் முதலில் நடந்தார், இடுப்பு வலியை மறந்து.

மதுரை பஸ்ஸில் கண்டக்டர், “மூட்டையை மேல வையிங்கம்மா, தண்ணி சொட்டுது” என்றார்.

“மூட்டை இல்லப்பா, ஆளு. வேணும்னா ஒரு டிக்கெட் போட்டுக்கோ.”

கண்டக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவின் மடியிலிருந்து என் செருப்பின் மேல் சொட்டிக்கொண்டே வந்தது. முதலில் சிவப்பாக. கல்லுப்பட்டி தாண்டிய பிறகு தெளிந்த தண்ணீராக. நான் காலை நகர்த்தவில்லை.