பல் வைத்தியரின் கைத்துவக்கு

தீக்கல் துவக்குக் கடையில் வேலை என்றால் வீரமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நாளில் முக்கால்வாசி நேரமும் அரத்தாளால் மரம் தேய்ப்பதும், மிச்ச நேரம் வாடிக்கையாளரின் கதை கேட்பதும்தான். எந்தக் கடையிலாவது நின்று கால் வீங்கியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

தீக்கல் துவக்கு என்பது பழைய காலத்துக் கைத்துப்பாக்கி. விசையை இழுத்தால் ஒரு கல் இரும்புத் தகட்டில் உரசிப் பொறி தெறிக்கும். பொறி வெடிமருந்தில் விழுந்தால் வெடிக்கும், விழாவிட்டால் இல்லை. இப்போது அதே மாதிரி புதிதாகச் செய்து, மரப்பிடி, குழல், பூட்டு, ஆணி என்று தனித்தனியாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்குபவர் தானே தேய்த்துப் பொருத்தி முடிக்க வேண்டும். முடிக்க ஏலாதவர்கள் எங்களிடம் வருவார்கள். வருகிறவர்கள் இத்தாலியத்தில்தான் கதைப்பார்கள். நான் அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

துடைக்கப் போனவள்

கடை இத்தாலியில், வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் இருக்கிறது. முதலாளி பெயர் நீனோ. கிழமையில் இரண்டு நாள் கூட்டித் துடைக்கத்தான் நான் போனேன். ஒரு காலை அவர் அரைகுறையாகத் தேய்த்த மரப்பிடியை மேசையில் வைத்துவிட்டு ரெலிபோனில் கதைக்கப் போனார். கதை முடிகிற மாதிரி இல்லை. நான் பதினொரு வருடம் வீட்டு வேலைக்குப் போய்ச் சின்யோராமாரின் அலுமாரியும் பியானோவும் துடைத்தவள். மரத்தின் வரி ஒரு பக்கம் ஓட, அவர் குறுக்கே தேய்த்திருப்பது கண்ணில் குத்தியது. பொறுக்க முடியாமல் எடுத்து வரியோடு தேய்க்கத் தொடங்கினேன்.

நீனோ வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் தும்புத்தடியை எடுத்துக்கொண்டுபோய் மூலையில் சாத்திவிட்டு, நாளையிலிருந்து முழு நாளும் வரச் சொன்னார். சந்தோஷத்தோடு ஒரேத்தோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். என் கணவர் றெஜி சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மன்னாரிலை துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், ஜெசிந்தா. இஞ்சை வந்து நீ அதுக்குப் பொலிஷ் போடப் போறியோ?"

இரண்டு பெட்டி, மூன்று சனிக்கிழமை

அந்த வருடம் வசந்தத்தில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். கடையில் எல்லாரும் டொத்தோரே என்றுதான் கூப்பிடுவோம். மனைவி சின்யோரா பீனா. ஒரே மாதிரி இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தேன். ஒன்றில் மரம் நேர்வரி. மற்றதில் பிடிக்குப் பக்கத்தில் ஒரு அழகான சுழி. டொத்தோரே இரண்டு கையையும் கோட்டுப் பொக்கற்றுக்குள் விட்டபடி குனிந்து குனிந்து பார்த்தார். ஒன்றையும் தொடவில்லை. அடுத்த சனிக்கிழமை திரும்ப வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார்.

"முதல்தரம் செய்யிறியள் எண்டால் நேர்வரியை எடுங்கோ. சுழி பார்க்க வடிவுதான், ஆனால் தேய்க்கேக்கை உடைஞ்சு வரும்" என்றேன். மிகவும் கவனமாகக் கேட்டார். பிறகு சுழியை எடுத்தார். பணம் கட்டும்போது சின்யோரா பீனா என் பக்கம் சாய்ந்து சொன்னா: "என்னை ஒரு ஞாயிறு கோயில் வாசலிலை பார்த்தவர், அடுத்த ஞாயிறு வீட்டை வந்து கேட்டிட்டார். இந்தக் கட்டைக்கு மூண்டு சனிக்கிழமை!"

பையில் வந்த துண்டுகள்

ஒரு மாதம் கழித்து சின்யோரா பீனா தனியே வந்தா. கையில் மரக்கறிப் பை. உள்ளே அந்தத் துவக்கு. ஆணித் தலைகள் எல்லாம் எலி கடித்தது போல. பூட்டுப் பொருந்தும் இடத்தை ஆழமாகத் தேய்த்ததால் நகம் போகிற இடைவெளி. சுழியில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. நான் நினைத்ததைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவ சொன்னா, "கை நடுங்குது அவருக்கு. அதாலைதான் கிளினிக்கை மூடினவர். இதைக் குப்பையிலை போடச் சொல்லித் தந்தவர். எனக்கு மனம் வரேல்லை."

கடையில் மிஞ்சிக் கிடந்த வால்நட் மரத் துண்டில் அதே நிறம் தேடி, மெல்லிய சீவல்கள் வெட்டி, இடைவெளியிலும் சுழியிலும் ஒட்டினேன். காய்ந்த பிறகு தேய்த்தேன். ஆணிகளை மாற்றினோம். பத்து நாள் கழித்து டொத்தோரே வந்தார், குற்றம் செய்தவர் மாதிரி. மேசையில் வைத்துக் காட்டினேன். இடக்கையால் கண்ணாடியைப் போட்டு, அதே கையின் ஒரு விரலை மட்டும் நீட்டி, ஒட்டின இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "கடிச்சுப் பார்க்கேலாது, சின்யோரா. மற்றப்படி நல்ல அடைப்பு."

உள்ளங்கை வேலை

இனி எண்ணெய் பூச வேண்டும். ஆளி விதை எண்ணெயை மெல்லிசாகத் தொட்டு, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, காயவிட்டு, திரும்பத் தேய்க்க வேண்டும். "ஒரு கிழமையிலை முடிச்சு வைக்கிறம், வந்து எடுங்கோ" என்று நீனோ சொல்லப் போனார். நான் இடையில் புகுந்து, எனக்கு நேரமில்லை, டொத்தோரேதான் வந்து பூச வேணும் என்றேன். அது பொய். அந்தக் கிழமை எனக்கு வேறு வேலையே இருக்கவில்லை.

அவர் அப்போதுதான் முதல்முறையாக வலக்கையை வெளியே எடுத்து என் முன்னால் நீட்டினார். காற்றில் இலை மாதிரி ஆடியது. "இதாலையோ?" என்று கேட்டார். "இது நுணுக்கம் பார்க்கிற வேலையில்லை, டொத்தோரே. ஆடினாலென்ன, சூடுதான் வேணும்" என்றேன்.

ஒன்பது நாள் காலையில் வந்தார். எனக்கும் ஒரு கோப்பி வாங்கி வருவார். வழியில் பாதி சிந்திவிடும். முதல் இரண்டு நாள் வாடிக்கையாளர் யாராவது உள்ளே வந்தால் உடனே கை பொக்கற்றுக்குள் போய்விடும். ஐந்தாம் நாள் கடை நிறைய ஆட்கள் நிற்க அவர் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார். மரம் தேன் நிறத்துக்கு வந்தது; சுழி இப்போதுதான் உயிரோடு தெரிந்தது. கடைசி நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாப்பது வருசம் பல்லுப் பார்த்தன். கை வைக்கேக்கை இப்பிடி ஆடாமல் இருந்தவை ஒருத்தரும் இல்லை."

ஸ்ஃபெர்ராகவால்லோ பஸ்

நீனோ குழலுக்கு நிறமேற்றி எல்லாவற்றையும் பூட்டி முடித்த நாள் டொத்தோரேக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஸ்ஃபெர்ராகவால்லோவில் அவர் வீடு. நான் கொண்டுபோனேன். பெட்டி, பற்றுச்சீட்டு, நீனோ எழுதித் தந்த கடிதம் எல்லாம் இருந்தது. பாதி வழியில் பஸ் சடாரென்று பிறேக் பிடித்தது. பெட்டி மடியிலிருந்து பாய்ந்து மூடி திறந்து, துவக்கு சீற்றுகளுக்கு நடுவில் நடக்கிற வழியில் போய்க் கிடந்தது. முன் சீற்றில் இருந்த ஒரு கிழவர் இரண்டு கையையும் தூக்கினார். சாரதி பஸ்ஸை ஓரங்கட்டி ரெலிபோனை எடுத்தார்.

இரண்டு கராபினியேரி, இங்கத்தைப் பொலிஸ்காரர், ஏறினார்கள். இந்த நாட்டில் இருப்பதற்கான என் பெர்மெஸ்ஸோவை, அனுமதிப் பத்திரத்தை, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். பையில் அதற்குத் தந்த துண்டுதான் இருந்தது. இவ்வளவு வருடம் சிவப்பு லைற்றில் தெருவைக் கடக்காதவள், துவக்கோடு பிடிபட்டு நிற்கிறேன். என் பிள்ளைகளைப் பள்ளியில் யார் எடுப்பது என்றுதான் முதலில் யோசித்தேன். இளையவர் கடிதத்தையும் துண்டையும் இரண்டு தரம் வாசித்தார். மூத்தவர் துவக்கைக் கையில் எடுத்து, "இது உண்மையாச் சுடுமோ?" என்று கேட்டார்.

பயத்தில் எனக்கு உண்மைதான் வாயில் வந்தது. "கல்லுக் கூராயிருந்து, மருந்து நனையாமல், காத்தும் அடிக்காட்டில் சுடும். சிலவேளை மூண்டாம் தரம்தான் சுடும்." அவர் அதைப் பெட்டியில் வைத்து மூடி, கயிறு தேடித் தானே கட்டித் தந்தார். "எங்கடை ஜீப்பும் காலமையிலை இப்பிடித்தான், சின்யோரா. கவனமாப் போங்கோ."

யார் சுடுவது?

டொத்தோரேக்கு இடுப்புச் சரியானதும், நகருக்கு வெளியே உள்ள சுடும் திடலுக்கு எல்லாரும் போனோம். நீனோ மருந்து போட்டுத் தயாராக்கி டொத்தோரேயிடம் நீட்டினார். அவர் பின்வாங்கினார். "என்ரை கையிலை தந்தால் ஆருக்குப் படுமெண்டு தெரியாது. ஜெசிந்தா சுடட்டும். பாதி அவவின்ரை வேலை."

நான் மாட்டேன் என்றேன். வெட்கம் என்று நினைத்து அவர்கள் திரும்பவும் கேட்டார்கள். அப்போது சொன்னேன். சின்ன வயதில் மன்னாரில் சத்தம் கேட்டால் எங்கே நிற்கிறோமோ அங்கேயே நிலத்தில் விழுந்து படுப்போம். இன்றும் இங்கே திருநாளுக்கு வாணவேடிக்கை விட்டால் யன்னல்களைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் போய் இருப்பேன். கடையில் இவ்வளவு காலம் இருந்தும் நீனோவிடம்கூட இதைச் சொன்னதில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். டொத்தோரே, "அப்ப ஒருத்தரும் சுட வேண்டாம், சுவரிலை மாட்டுவம்" என்றார்.

சின்யோரா பீனா கைப்பையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு நேரே போய்த் துவக்கை எடுத்தா. "காதைப் பொத்துங்கோ, ஜெசிந்தா" என்று மட்டும் சொன்னா. முதல் இழுப்பில் வெறும் பொறி. இரண்டாவதில் 'புஸ்' என்று புகை. மூன்றாவதில் வெடித்தது. நான் நிலத்தில் குந்திவிட்டேன். ஆனால் படுக்கவில்லை, ஓடவும் இல்லை. பக்கத்தில் பார்த்தால் டொத்தோரேயும் கைப்பையை அணைத்தபடி நிலத்தில் குந்தியிருந்தார். ஒருவரையொருவர் பார்த்தோம். அவர்தான் முதலில் சிரித்தார், பிறகு நான்.

குறித்தட்டு அசையாமல் அப்படியே நின்றது. புகைக்குள்ளிருந்து, முகமெல்லாம் கரியோடு சின்யோரா பீனா வந்தா. "தவறிட்டுது எண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது. நான் குறி பார்க்கவேயில்லை."

மாதக்கணக்காக மரம் தெரிவுசெய்து, தேய்த்து, ஒட்டி, எண்ணெய் பூசி, பஸ்ஸில் பிடிபட்டு நான் கண்டது இவ்வளவுதான்: கைத்துவக்கு வேலையில் ஆகக் குறைந்த வேலை அதைச் சுடுவதுதான்.