வெயில் மேல் கேஸ் போட முடியாது

என் பெரியம்மா எர்லின் ஃபூசிலியரிடம் போய், "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்று யாரும் சொல்லிவிட முடியாது. சண்டைக்கு வந்துவிடுவாள். "ஏன், ஒனக்கு மட்டும் தனியா அடிக்குதா?" என்று ஆரம்பித்தால், சொன்னவர் எழுந்து போகும்வரை விடமாட்டாள்.

அமெரிக்காவின் தெற்கே, லூசியானாவில் கார்லின் என்பது எங்கள் ஊர். அங்கே அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஏசி வேலை செய்யாத பேருந்து. ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் பிள்ளைகள் இருக்கையில் ஒட்டிக்கொண்டு புலம்பும்.

"மிஸ் எர்லின், வேகுது."

"வேகட்டும். வெந்ததும் சொல்லு, மொளகாப் பொடி தூவி எறக்கி விடறேன்."

அவளுக்கு வெயில்மேல் கோபம் இல்லை. வெயிலைக் காரணமாகச் சொல்கிறவர்கள்மேல்தான் கோபம். அதற்குக் காரணம் பெரியப்பா லூஷியன். தார் உருக்கி ஊற்றித் தட்டைக் கூரை போடுகிற வேலை அவருக்கு. இரண்டு குழுக்கள் மாறி மாறி மேலே ஏறவேண்டும் என்பது ஏற்பாடு. அன்று இரண்டாவது குழுவை ஒப்பந்தக்காரர் வேறு கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார். பெரியப்பாவின் குழு இறங்கவே இல்லை. வெயில் தாங்காமல் மேலேயே சுருண்டு விழுந்து இறப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், கூரையின் தவறான பக்கத்தில் நின்றுகொண்டு அவர் ஏணியைத் தேடிக்கொண்டிருந்தாராம். கூட இருந்தவர்கள் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள்.

துக்கம் கேட்க வந்த ஒப்பந்தக்காரர் வேகவைத்த பன்றித் தொடை ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, "வெயிலும்மா. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார். பெரியம்மா அந்தத் தொடையை எடுத்துப்போய் அவருடைய வண்டியின் முன்கண்ணாடிமேல் எறிந்தாள். கண்ணாடி உடையவில்லையே என்று இன்றுவரை அவளுக்கு வருத்தம்.

"வெயில் மேல கேஸ் போட முடியாதுல்ல. அதான் எல்லாப் பயலும் பழிய அது மேல போடறான்" என்பாள்.

அவளுடைய ஒரே மகன் ஆல்சீட். எங்கள் ஊர்க் கல்லூரியின் கால்பந்து அணியில் தடுக்கும் வரிசையின் நடுவில் நிற்பவன். தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு மோதுகிற எங்கள் கால்பந்து. அணிக்குக் கொக்குகள் என்று பெயர். ஆல்சீட்டைப் பார்த்தவர்கள் யாரும் அவனைக் கொக்கு என்று சொல்லமாட்டார்கள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். அவனைத் தாண்டிப் பந்து போகாது. கடைசிக் கால் பகுதி வரும்வரை போகாது. அதற்குப் பிறகு போகும்.

கார்லின் முழுக்க இரண்டு வருடமாகப் பேசிய விஷயம் இதுதான். முதல் முக்கால் ஆட்டம் சுவர் மாதிரி நிற்கிற தடுப்பு வரிசை கடைசியில் ஏன் சரிந்துபோகிறது? தலைமைப் பயிற்சியாளர் டக்கெட், வெயில் என்றார். பெரியம்மா, எங்கள் தாக்கும் அணிதான் காரணம் என்றாள். பந்தோடு முன்னேற வேண்டிய எங்கள் ஆட்கள் அவர்கள்; அவர்கள் ஆடுகிற நேரத்தில்தான் தடுக்கிறவர்கள் உட்கார முடியும். முடிவெட்டுகிற இடத்திலும் தேவாலய வாசலிலும் ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

நான் உள்ளூர் வானொலியில், டக்கெட் வந்து உட்கார்ந்து பதில் சொல்கிற திங்கட்கிழமைக் கால்பந்து நிகழ்ச்சிக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளை எடுத்து உள்ளே அனுப்புகிற வேலையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி முடித்தவள் நான் என்பதால், பெரியம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

"ஏய் பட்டதாரி, லைனப் போடு."

போட்டேன். போடாவிட்டால் ஸ்டூடியோவுக்கே பேருந்தைக் கொண்டுவந்துவிடுவாள்.

"கோச், ஒரு சந்தேகம். வெயில் நம்ம கொக்குங்க மேல மட்டும் அடிக்குதா? எதிர்ல நிக்கிறவனுக்குக் கொடை புடிச்சிருக்காங்களா?"

"மிஸ் எர்லின், வடக்கேருந்து வந்த பசங்க நம்ம அணியில நெறைய. இந்த ஊர் ஈரப்பதம்..."

"எம்புள்ள இந்த ஊர்லதான் பொறந்தான். ஆஸ்பத்திரியிலகூட ஏசி இல்ல அன்னைக்கு. அத விடுங்க. ஒங்க தாக்குற பசங்க பந்த வாங்கறாங்க. பத்து கஜம் போகணும். மூணு தடவ ஓடியும் கக்கூஸ் தூரங்கூடப் போறதில்ல. பந்த எதிரிக்கு ஒதச்சுக் குடுத்துட்டு வந்து பெரிய ஃபேன் முன்னாடி ஒக்காந்துக்கறாங்க. எம்புள்ள வாயில ஊத்துன தண்ணிய முழுங்கறதுக்குள்ள மறுபடி எறங்கணும். அப்ப அவன யாரு தளர வச்சா? சூரியனா, ஒங்க சோம்பேறிங்களா?"

"பஸ் ஓட்டறவங்க எல்லாம் எனக்கு ஆட்டம் சொல்லிக் குடுக்கற நெலமைக்கு வந்துட்டேன்" என்றார் டக்கெட்.

"நான் ஓட்டற பஸ்ஸு போக வேண்டிய எடத்துக்குப் போகுது கோச்."

நிகழ்ச்சி நடத்துகிற மெர்வின் மேசையில் அடித்துச் சிரித்தார். அடுத்த வாரமும் அவளையே எதிர்பார்த்தார்.

கல்லூரியில் நான் புள்ளியியல் படித்தவள். எனக்கே தெரிந்துகொள்ள ஆசை வந்து, பழைய ஆட்டங்களை எடுத்துவைத்துப் பார்த்தேன். வெயில் இல்லாத நாளிலும் சரிந்திருக்கிறார்கள். வெயில் கொளுத்திய நாளில் நின்றும் இருக்கிறார்கள். தாக்கும் அணி நன்றாக ஆடிய நாட்களோ மிகவும் குறைவு. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. "ரெண்டுமா இருக்கலாம் பெரியம்மா" என்றேன்.

"இதுக்குத்தான் நாலு வருஷம் படிச்சியா?" என்றாள்.

நியாயமான கேள்விதான்.

அவள் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லவேண்டும். எங்கள் ஆட்டத்தில் ஒரு தந்திரம் உண்டு. தடுக்கிறவர்களுக்கு மூச்சு வாங்கினால், ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுவான். நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். மற்றவர்கள் அதற்குள் தண்ணீர் குடித்துக்கொள்வார்கள். விழுந்தவன் பிறகு நொண்டிக்கொண்டே வெளியே போய், எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நேராக நடப்பான். பெரியம்மாவுக்கு இதைக் கண்டால் ஆகாது. ஒருமுறை வெளியூர் அணிக்காரன் ஒருவன் விழுந்தபோது அவள் எழுந்து நின்று, "எந்திரிடா நடிகா!" என்று கத்தினாள். பக்கத்து வரிசை சேர்ந்துகொண்டது. அடுத்த ஆட்டத்தில் கிழக்குப் பகுதி முழுவதும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு யார் விழுந்தாலும் எங்கள் மைதானம், "எந்திரி! எந்திரி!" என்று கைதட்டும். ஆரம்பித்து வைக்க எல்லாரும் பெரியம்மாவைத்தான் பார்ப்பார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. டெலிவிஷன்காரர்கள் ஆட்டத்தை உச்சிப்பொழுதுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அந்த வருடம்தான் பிளாஸ்டிக் புல் போட்டிருந்தார்கள். சுடுரப்பர் நாற்றம் எங்கள் வரிசைவரை வந்தது. நானும் பெரியம்மாவும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தோம். பின்னால், தூண்டில் கடை கிளோவிஸ்.

"மிஸ் எர்லின், இன்னைக்காவது வெயில்னு ஒத்துக்கங்க."

"ஒம்மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பு கிளோவிஸ். புழு நாத்தம் அடிக்குது."

எங்கள் தாக்கும் அணி அன்று வழக்கத்தைவிட மோசம். பந்தை வாங்கினார்கள், விழுந்தார்கள், உதைத்துக் கொடுத்தார்கள். ஆல்சீட் உட்காரப் போவதும், பாதி வழியில் திரும்பி வருவதுமாக இருந்தான். அவனுக்கு மாற்றாள் ஒருவன் பெஞ்சில்தான் இருந்தான், துண்டால் முகத்தில் விசிறிக்கொண்டு. டக்கெட் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாங்கள் இரண்டு புள்ளி முன்னால் இருந்தோம்.

மூன்றாவது கால் பகுதியின் முடிவில் ஆல்சீட் எழுந்து நடந்து போய், எதிரணி கூடி நின்ற வட்டத்தில் நின்றான். அவர்களில் ஒருவன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி விட்டான். மைதானம் சிரித்தது. கிளோவிஸும் சிரித்தார். "கட்சி மாறிட்டான்டா!"

பெரியம்மா சிரிக்கவில்லை. எழுந்துவிட்டாள். நான் கையைப் பிடிப்பதற்குள் படிகளில் இறங்கி, கீழ்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஆல்சீட்! படுடா! படுத்துருடா!"

அவன் எங்கள் பக்கம் பார்த்தான். தலையை ஆட்டினான், மாட்டேன் என்று. மறுபடி குனிந்து தன் இடத்தில் நின்றான்.

"கால்ல வலின்னு சொல்லுடா! விழுடா தரையில!"

"இப்ப யாரு நடிகன் மிஸ் எர்லின்?" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "புள்ளைக்கே வசனம் சொல்லித் தராங்க!"

அவள் திரும்பவில்லை. பேருந்தின் கடைசி இருக்கைவரை கேட்கிற அந்தக் குரலில் படு, படு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பந்து நகர்ந்தது. யாரும் ஆல்சீட்டைத் தொடவில்லை. முதலில் முழங்கால், பிறகு கைகள், பிறகு முகம் தரையில் பட்டது.

மைதானம் கைதட்டத் தொடங்கியது. எங்கள் மைதானம், எங்கள் ஆட்கள். இரண்டு புள்ளி முன்னணியைக் காப்பாற்ற நம்ம பையன் நடிக்கிறான் என்று நினைத்துக் குஷியாகச் சிலர். அவள் மகன் என்பதற்காகவே சிலர். "எந்திரி! எந்திரி!"

பெரியம்மா கம்பியை விட்டுவிட்டு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

பார்வையாளர் மேடைக்குக் கீழே இருந்த அறையில், ஐஸ் நிரப்பிய தொட்டியில் அவனைக் கழுத்துவரை அமுக்கி வைத்திருந்தார்கள். எங்களை உள்ளே விட்டபோது அவன் தன் பெயரைச் சரியாகச் சொல்ல ஆரம்பித்திருந்தான். பிழைத்துக்கொள்வான் என்றார் டாக்டர். பெரியம்மா ஐஸ் அள்ளுகிற தகரக் கரண்டியை வாங்கி, தானே அவன் தலையில் போட ஆரம்பித்தாள்.

"நான் கத்தினது கேக்கலியாடா?"

"கேட்டுது."

"அப்புறம் ஏன்டா படுக்கல?"

"படுக்கறவன் நடிகன்னு நீதானம்மா சொல்லுவ."

கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஐஸை அள்ளியது.

"கடைசில விழுந்தியா, படுத்தியா?"

"தெரியல." கண்ணை மூடிக்கொண்டான். "ரொம்ப வெயிலும்மா. சத்தியமா. பயங்கர வெயில்."

அவள் அவன் கண்ணில் வழிந்த தண்ணீரைக் கையால் துடைத்துவிட்டாள். இதே வார்த்தையை வேறு யாராவது சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆட்டம் முடிந்து, தோற்று, டக்கெட் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார். "வெயில், மிஸ் எர்லின். யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

பெரியப்பாவின் ஒப்பந்தக்காரர் சொன்ன அதே வாக்கியம். நான் பெரியம்மாவின் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தேன். டக்கெட்டும் பார்த்தார்.

"வெளிய போங்க கோச்" என்றாள். அவர் போனார்.

திங்கட்கிழமை அவள் கூப்பிட்டபோது மெர்வின் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"மிஸ் எர்லின், சொல்லுங்க. வெயிலா, தாக்குற அணியா?"

"வெயில்தான்."

டக்கெட் மூச்சு விட்டது மைக்கில் கேட்டது. "இத அவங்க வாயாலயே..."

"நான் இன்னும் முடிக்கல. வெயில்தான். வெள்ளிக்கெழமையே டிவியில சொன்ன வெயில். ஒங்க தாக்குற பசங்களும் துப்பு கெட்டவனுங்கதான், அதுவும் சேந்துதான். ஆனா பெஞ்சுல ஒருத்தன் துண்டால விசிறிக்கிட்டு நாள் பூரா ஒக்காந்திருந்தானே, அவன எறக்காதன்னு ஒங்க காதுல சொன்னது வெயிலா?"

"அவன எறக்கியிருந்தா தோத்திருப்போம்."

"தோத்துத்தான போனோம்!"

மெர்வின் இந்த முறை சிரிக்கவில்லை.

"இனிமே எம்புள்ள எறங்குனா, மாத்தாளோட மாறி மாறித்தான் எறங்குவான். ஒரு தடவ மறந்தீங்க, நான் படியில நின்னு கத்த மாட்டேன். பஸ்ஸ மைதானத்துக்குள்ள ஓட்டிட்டு வருவேன்."

டக்கெட் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தார். மெர்வின் அவசரமாக உர விளம்பரத்தைப் போட்டார்.

ஆல்சீட் சில வாரங்கள் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த உள்ளூர் ஆட்டத்தன்று அவன் சாதாரணச் சட்டையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அக்டோபர் காற்று கொஞ்சம் குளிர ஆரம்பித்திருந்தது. நாங்கள் பழைய இடத்திலேயே உட்கார்ந்தோம். யாரும் எங்களோடு சரியாகப் பேசவில்லை. வானொலியில் அவள் பேசியது டக்கெட்டுக்குப் பிடிக்காமல் போனதைவிட ஊருக்கு இன்னும் பிடிக்காமல் போயிருந்தது.

எப்போதும் சொதப்புகிற எங்கள் தாக்கும் அணி அன்று அதிசயமாக நகர்ந்துகொண்டே இருந்தது. வெளியூர் அணியின் தடுப்பாளர்களுக்குத்தான் மூச்சு முட்டியது. அவர்களில் ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். கைதட்டல் கிளம்பியது.

கிளோவிஸ் பெரியம்மாவின் முதுகில் தட்டினார். "பழசெல்லாம் விடுங்க. ஆரம்பிங்க மிஸ் எர்லின்!"

அவள் எழுந்தாள். முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

"வாய மூடுங்கடா எல்லாரும்! அவன் படுக்கட்டும்!"

உடனே ஊளைச் சத்தம். அவன் மேல் அல்ல, அவள் மேல். மேல் வரிசையிலிருந்து பறந்து வந்த ஐஸ் டீக் குவளை என் தோளில் பட்டு உடைந்தது. பெரியம்மா யார் எறிந்தது என்று தேடி, கண்டுபிடித்து, அவனுடைய அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய கதையைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

அதற்குள் கீழே விழுந்தவன் எழுந்து, நொண்டியபடி வெளியே போனான். எல்லைக்கோட்டைத் தாண்டினான். இரண்டு கால்களிலும் குதித்தான். தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே எங்கள் பக்கம் பார்த்துக் கையசைத்தான். மைதானமே பெரியம்மாவைக் காட்டிச் சிரித்தது.

அவள் உட்கார்ந்தாள். கைக்குட்டையை எடுத்து என் தோளிலிருந்த டீயைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அவன் நடிச்சான் பெரியம்மா" என்றேன்.

"தெரியும்டி. பொடிப் பய. நல்லாவே நடிக்கத் தெரியல." கீழே பெஞ்சில் இருந்த ஆல்சீட்டைப் பார்த்தாள். "நடிக்கட்டும்."